இழையில் எழும் உருவம்: குரோஷே, ஃபெல்ட் சிற்பங்களை மதிப்பிடும் அளவுகோல்கள்

ஆய்வுச்சுருக்கம்

குரோஷே பின்னலும் கம்பளியை ஃபெல்ட்டாக இறுக்கும் முறையும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சிற்பக் கலையின் செய்முறைகளாக ஏற்பு பெற்றுள்ளன. எனினும் இவ்வகைப் படைப்புகளைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் ‘கைவினை கலையாக உயர்ந்தது’ என்ற ஒரே வாய்பாட்டில் நின்றுவிடுகிறது. இக்கட்டுரை அவ்வாய்பாட்டின் போதாமையை எடுத்துக்காட்டுகிறது. உருவம் செய்முறையிலிருந்து பிறக்கிறதா, பொருளின் காலத்தன்மையைப் படைப்பு எவ்வாறு எதிர்கொள்கிறது, பின்னியவரின் உழைப்பு எவ்வாறு கணக்கில் கொள்ளப்படுகிறது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து, ஃபெய்த் வில்டிங், ராபர்ட் மோரிஸ், யோசஃப் பாய்ஸ், ஜோனா வாஸ்கோன்செலோஸ், வெர்தைம் சகோதரியர் ஆகியோரின் படைப்புகளை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: குரோஷே, ஃபெல்ட், இழைக்கலை, சிற்பம், அதிபரவளையத் தளம், பெண்ணுழைப்பு, நரசாபுரம்.

முன்னுரை

கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றில் உருவம் சமைப்பவர் பெரும்பாலும் முன்னரே உள்ள ஒரு திரளிலிருந்து தொடங்குகிறார். திரளைக் குறைத்தோ கூட்டியோ வார்த்தோ உருவத்தை அடைகிறார். இழையில் உருவம் சமைப்பவருக்கு அத்தகைய திரள் தொடக்கத்தில் இல்லை. குரோஷே செய்பவர் கையில் இருப்பது ஒரு நூலும் ஒரு கொக்கி ஊசியும் மட்டுமே. ஃபெல்ட் செய்பவர் முன் இருப்பது காற்றில் பறக்கும் கம்பளி மயிர்ப் படலம். பரப்பும் பருமனும் செயலின் போக்கிலேயே தோன்றுகின்றன. இந்த அடிப்படை வேறுபாட்டை விமர்சனம் போதிய அளவு கருத்தில் கொண்டதில்லை.

பொதுவாக இத்தகைய படைப்புகளைப் பற்றி எழுதப்படுபவை இரு வகையின. ஒருவகை எழுத்து, வீட்டுக்குள் முடங்கியிருந்த பெண்களின் கைவேலை காட்சியகத்திற்குள் நுழைந்ததைக் கொண்டாடுகிறது. மற்றொரு வகை, பின்னப்பட்ட கண்ணிகளின் எண்ணிக்கையையும் பொருளின் பேரளவையும் கண்டு வியக்கிறது. 2016ஆம் ஆண்டு சென்னையில் பெண்கள் பலர் சேர்ந்து பின்னிய 11,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட குரோஷே போர்வை உலக சாதனையாகப் பதிவு பெற்றபோது எழுந்த பாராட்டு இரண்டாம் வகையைச் சார்ந்தது. அக்கூட்டு முயற்சி பாராட்டத் தக்கதே. ஆயினும் வியப்பு மதிப்பீடாகிவிடாது. பரப்பளவு ஒரு படைப்பின் அளவைச் சொல்லுமே தவிர, அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது.

எனவே கொண்டாட்டத்தையும் வியப்பையும் கடந்து இப்படைப்புகளை வேறுபடுத்தி அறிவதற்கான அளவுகோல்கள் தேவைப்படுகின்றன. அவற்றை வெளியிலிருந்து கொண்டுவருவதைவிட, செய்முறையின் உள்ளியல்பிலிருந்து வருவிப்பதே பொருத்தமாகும்.

1. எண்ணப்படும் பின்னலும் எண்ணப்படாத இறுக்கமும்

குரோஷேயின் இலக்கணம் எளியது. ஒரு கண்ணிக்குள் ஊசியை நுழைத்து, நூலைக் கொக்கியால் இழுத்து, அடுத்த கண்ணியை உருவாக்குவதே அதன் அடிப்படைச் செயல். இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங் முறையில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்த நிலையில் இருக்கும். குரோஷேயில் ஒரு தையல் முடிந்த பின்னரே அடுத்தது தொடங்குவதால், பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். இதன் விளைவு பெரிது. பின்னுபவர் எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தத் திசையிலும் திரும்பலாம். பரப்பின் நடுவிலிருந்து ஒரு கிளையை எழுப்பலாம். நெசவுக்குப் பாவும் ஊடும் தறியும் விதிக்கும் செங்கோணச் சட்டகம் இங்கே இல்லை. ஆகவே குரோஷே இயல்பிலேயே முப்பரிமாணத்தை நோக்கிச் செல்லக்கூடிய பின்னலாகும்.

அந்தப் பரிமாணம் எண்ணிக்கையால் ஆளப்படுகிறது. குட்டைத் தையலில் 6 கண்ணிகளோடு ஒரு வட்டத்தைத் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணிகள் வீதம் கூட்டிச் சென்றால் தட்டையான வட்டம் கிடைக்கும். பத்தாம் சுற்றில் 60 கண்ணிகள் இருக்கும். கூட்டுவதைக் குறைத்தால் பரப்பு கிண்ணமாகக் குவியும். கூட்டுவதை நிறுத்தினால் குழாயாக நீளும். தேவைக்கு மேல் கூட்டினால் விளிம்பு மடிந்து சுருளத் தொடங்கும். ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்கிக்கொண்டே சென்றால் பத்தாம் சுற்றில் 3,072 கண்ணிகள் வந்து நிற்கும். 60 கண்ணிகளுக்கு இடமுள்ள வட்டத்தில் 3,072 கண்ணிகள் நெருக்குண்டு எழுந்து மடிந்து அலையாகின்றன. உருவம் என்பது இங்கே எண்ணிக்கை மிகுவதால் உண்டாகும் இடநெருக்கடியின் தோற்றமே.

ஃபெல்ட்டில் எண்ணிக்கைக்கு இடமில்லை. ஆட்டு மயிரின் மேற்பரப்பில் ஒரே திசை நோக்கிய நுண்செதில்கள் உள்ளன. வெந்நீரும் சவர்க்காரமும் ஊட்டி, உருட்டித் தேய்க்கும்போது மயிர்கள் ஒரு திசையில் நகர்கின்றன. செதில்கள் அவற்றைத் திரும்பி வரவிடாமல் தடுக்கின்றன. இவ்வாறு சிக்கிக்கொண்ட மயிர்களின் தொகுதியே ஃபெல்ட். முள் வெட்டுடைய ஊசியால் உலர்ந்த கம்பளியை மீண்டும் மீண்டும் குத்தி இறுக்குவது இதன் மற்றொரு முறை. முன்னதில் பரப்பு கணிசமாகச் சுருங்குவதால், செய்பவர் வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் படலத்தை விரித்துத் தொடங்க வேண்டும். சுருக்கத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் அவருடைய தேர்ச்சி.

இரு முறைகளுக்கும் இடையே காலம் சார்ந்த எதிர்நிலை ஒன்று உண்டு. குரோஷேயின் இறுதிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால், பின்னல் முழுவதும் வந்த வழியே பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். ஃபெல்ட்டைப் பிரிக்க இயலாது. முன்னது மீளக்கூடிய செயல். பின்னது மீளா நிகழ்வு. முன்னது ஒரு கணக்கைப் போலப் பிறருக்குச் சொல்லித் தரத்தக்கது. பின்னதில் கையழுத்தமும் நீரின் சூடும் மயிரின் வகையும் சேர்ந்து தரும் விளைவு ஒவ்வொரு முறையும் சற்றே மாறுபடும். இவ்வெதிர்நிலை பின்வரும் மதிப்பீடுகளுக்கு அடிப்படையாகிறது.

2. புதுமை என்னும் உரிமைகோரல்

மென்பொருளில் சிற்பம் செய்வது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்ற கருத்து ஃபெல்ட்டைப் பொறுத்தவரை நிற்காது. அல்தாய் மலைப்பகுதியிலுள்ள பசிரிக் புதைமேடுகளில், உறைபனியால் காக்கப்பட்ட ஃபெல்ட் பொருள்கள் கிடைத்தன. 1940களின் இறுதியில் செர்கேய் ருதென்கோ தலைமையில் நடந்த அகழ்வில் வெளிப்பட்டவற்றுள், ஃபெல்ட்டால் தைத்து உள்ளே திணித்து உருவாக்கப்பட்ட அன்னப்பறவை உருவங்களும் அடங்கும். கிறித்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட அவை இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. கழுத்தின் வளைவும் இறகின் நிறப்பிரிப்பும் அவற்றைச் சிற்பமென்றே அழைக்க வைக்கின்றன.

குரோஷேயின் வரலாறு இதற்கு மாறானது. இன்று அறியப்படும் வடிவில் அதன் உறுதியான சான்றுகள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு உட்பட்டவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் இடும் வேலைப்பாடு கீழை நாடுகளிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குப் பரவியது என்றும், துணியை நீக்கிவிட்டு அத்தையலை வெறுவெளியிலேயே இடத் தொடங்கியதன் விளைவே குரோஷே என்றும் ஆய்வாளர் சிலர் கருதுவர். தமிழகத்தில் இன்று மணப்பெண்ணின் ரவிக்கையில் பரவலாகக் காணப்படும் ஆரி வேலைப்பாடு அதே கொக்கித் தையல் குடும்பத்தைச் சேர்ந்தது. காஷ்மீரத்தின் நமதா விரிப்புகளில் ஃபெல்ட்டின் மேலேயே கொக்கி ஊசியால் பூவேலை செய்யப்படுவதும் கருதத்தக்கது. கொக்கியும் ஃபெல்ட்டும் அங்கே ஏற்கெனவே சந்தித்திருக்கின்றன.

இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. இழைச் சிற்பங்களைப் ‘புதிய ஊடகம்’ என்று போற்றுவது பயனற்றது. காட்சியகம் அவற்றைக் காணத் தொடங்கியது புதிது. அவை புதியன அல்ல.

3. ஒரே பொருள், இரு மதிப்பு

காட்சியகம் அவற்றைக் காணத் தொடங்கிய விதமும் சமனற்றது. 1969ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘சுவர்த் தொங்கல்கள்’ என்னும் பெயரில் இழைக்கலைக் காட்சியொன்றை நடத்தியது. அதைப் பற்றி எழுதிய சிற்பி லூயீஸ் பூர்ஷ்வா, அப்படைப்புகள் அலங்காரத் தன்மையிலிருந்து அரிதாகவே விடுபடுகின்றன எனக் கருதினார். திரைச்சீலைகளைச் செப்பனிடும் பட்டறை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பின்னாளில் துணியாலேயே தலைகளும் உடல்களும் தைத்துத் தம் மிக வலிய சிற்பங்களுள் சிலவற்றை ஆக்கியவரும் அவரே. அன்றைய அவரது தயக்கம் தனிமனிதக் குறைபாடன்று. அக்காலத்துக் கலையுலகின் படிநிலை அவர் வழியாகப் பேசியது.

அப்படிநிலையின் இயல்பை எலிசா ஆதர் 2010இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1960களின் இறுதியில் ராபர்ட் மோரிஸ் தொழிற்சாலை ஃபெல்ட்டைக் கீறித் தொங்கவிட்டபோது அது சிற்பக் கோட்பாட்டின் முன்னேற்றமாகக் கொள்ளப்பட்டது. அதே காலத்தில் இழையை முடிந்தும் பின்னியும் நெய்தும் வந்த பெண்கள் கைவினைஞர் என்னும் பெயரிலேயே நின்றனர். பொருள் ஒன்றே, செய்பவரின் இடம் வேறு.

மோரிசின் படைப்புகளைச் செய்முறை நோக்கில் காணும்போது வேறொன்றும் புலப்படுகிறது. அவர் ஃபெல்ட் செய்யவில்லை. செய்து முடிக்கப்பட்ட ஃபெல்ட்டைப் பயன்படுத்தினார். நேர்கோட்டுக் கீறல்களை இட்டு, சுவரில் மாட்டி, புவியீர்ப்பே இறுதி உருவத்தைத் தீர்மானிக்குமாறு விட்டார். ஃபெல்ட் பிரியாமலும் நூல் அவிழாமலும் இருப்பதால்தான் வெட்டிய விளிம்பு அப்படியே நிற்கிறது. பொருளின் ஓர் இயல்பை அவர் கூர்மையாக உணர்ந்திருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இயல்பை உண்டாக்கிய உழைப்பு தொழிற்சாலையில் மறைந்துவிட்டது. யோசஃப் பாய்சும் அவ்வாறே. 1966இல் அவர் ஒரு பெரிய பியானோவுக்கு ஃபெல்ட் உறை போர்த்தினார். 1985இல் ‘பிளைட்’ என்னும் நிறுவல் படைப்பில் ஃபெல்ட் சுருள்களால் அறையின் சுவர்களை மூடி, உள்ளே பியானோவை வைத்தார். ஒலியை உறிஞ்சி வெப்பத்தைக் காக்கும் பொருள் அங்கே மௌனமும் காப்பும் நெருக்கடியும் ஒருசேர ஆகிறது. பார்வையாளர் அதை உடலால் உணர்கிறார். பொருளைப் பொருளாகவே பேசவிட்ட வகையில் இது உயர்ந்த படைப்பு.

1972இல் லாஸ் ஏஞ்சலிசில் ‘வுமன்ஹவுஸ்’ காட்சிக்காக ஃபெய்த் வில்டிங் ஓர் அறை முழுவதும் குரோஷேயால் ஒரு வலைக்குடிலைப் பின்னினார். கூரையிலும் சுவரிலும் கட்டி இழுக்கப்பட்ட வெண்ணிழைகள் கருவறையையும் சிலந்தி வலையையும் தொன்மைக் குடிலையும் ஒருங்கே நினைவூட்டின. மோரிசின் ஃபெல்ட்டிலும் வில்டிங்கின் பின்னலிலும் புவியீர்ப்பும் இழுவிசையுமே உருவத்தை ஆள்கின்றன. ஆயின் வில்டிங்கிடம் இழுவிசையைத் தாங்கும் ஒவ்வொரு கண்ணியும் படைத்தவர் கையால் இடப்பட்டது. ஓட்டை மிகுந்த அப்பின்னலில் செயலின் ஒவ்வொரு படியும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1995இல் அவர் அதை மீண்டும் பின்னிக் காட்சிப்படுத்தினார். குரோஷே மீளச் செய்யத்தக்க கணக்கு என்பதால் அது இயன்றது. பாய்சின் 1970ஆம் ஆண்டு ‘ஃபெல்ட் உடை’யின் பிரதிகளுள் டேட் காட்சியகத்திற்கு உரியது அந்துப்பூச்சியால் அரிக்கப்பட்டு, சேகரிப்பிலிருந்து நீக்கப்பட்டது. இழைச் சிற்பத்தின் காலத்தன்மை அதன் பொருளிலேயே உறைந்துள்ளது. அழிவை மறைக்க முயலும் படைப்பைவிட அதைத் தன் பொருண்மையில் ஏற்கும் படைப்பு நேர்மையானது.

4. போர்த்துதலும் உருவாக்குதலும்

போர்ச்சுகலைச் சேர்ந்த ஜோனா வாஸ்கோன்செலோஸ், ரஃபாயேல் போர்தாலோ பின்யெய்ரோ வடிவமைத்த பீங்கான் விலங்குகளைக் குரோஷே சரிகையால் இறுகப் போர்த்தும் படைப்பு வரிசைக்காக அறியப்பட்டவர். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஓலெக் எனப்படும் கலைஞர் நியூயார்க் வால் தெருவின் வெண்கலக் காளைக்கு ஓரிரவில் குரோஷே உடை அணிவித்தார். இவ்விரு செயல்களிலும் உருவம் ஏற்கெனவே உள்ளது. பின்னல் அதன் மேல் தோலாகிறது. குரோஷே இங்கே தான் இயல்பாகப் பெற்ற ஆக்கும் ஆற்றலைத் துறந்து, அளவெடுத்துத் தைத்த ஆடையாகிறது.

இது குறையா என்ற வினா எழலாம். வாஸ்கோன்செலோசின் படைப்புகளில் போர்த்துதலுக்கே பொருள் உண்டு. நண்டும் பல்லியும் பாம்பும் வீட்டு மேசை விரிப்பின் வேலைப்பாட்டுக்குள் சிறைப்படும்போது, அச்சரிகை அழகுபடுத்துகிறதா அடக்குகிறதா என்ற ஐயம் பார்வையாளருக்கு ஏற்படுகிறது. இல்லத்தின் ஒழுங்கு என்பது காப்பா கட்டா என்னும் பழைய வினா அங்கே புதிய உடலில் எழுகிறது. வால் தெருக் காளையின் மேல் போர்த்திய உடையில் அத்தகைய இருமை குறைவு. எதிர்பாரா இடத்தில் பின்னல் தோன்றியது என்ற அதிர்ச்சி தீர்ந்ததும் எஞ்சுவது நிறமே. போர்த்துதல் தன்னளவில் தாழ்ந்ததன்று. போர்த்தப்படும் உருவோடு பின்னல் வாதிடுகிறதா என்பதே அதன் தரத்தை முடிவு செய்கிறது.

செய்முறையிலிருந்தே உருவம் பிறத்தலுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, கலைக்கென உருவாக்கப்படாத ஒன்று. லாட்வியாவில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கணிதவியலாளர் டைனா டைமினா, 1997இல் அதிபரவளையத் தளத்தின் மாதிரியைக் குரோஷேயில் பின்னினார். யூக்ளிடின் இணைகோட்டு எடுகோள் பொருந்தாத அத்தளத்தில், மையத்திலிருந்து விலக விலகப் பரப்பு அடுக்குக்குறி வளர்ச்சியில் பெருகும். காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. நிட்டிங் முறையில் பெருகிவரும் கண்ணிகளை ஊசி தாங்கவில்லை. ஒரே கண்ணியை மட்டும் திறந்து வைக்கும் குரோஷே அச்சிக்கலைத் தீர்த்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு முறை ஒரு கண்ணியைக் கூட்டுக என்னும் ஒரே விதி, மாணவர் கையில் எடுத்து மடித்துப் பார்க்கக்கூடிய தளமாயிற்று. விதிக்கும் உருவுக்கும் இடையே வேறெந்த இடையீடும் இங்கே இல்லை.

5. பவளத்திட்டின் அழகும் அதன் சிக்கலும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வளர்ந்த இரட்டையரான மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் ஆகியோர் 2005இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய குரோஷே பவளத்திட்டு, டைமினாவின் விதியை அடியாகக் கொண்டது. பவளங்களும் கடல்நத்தைகளும் கடற்பாசிகளும் இயற்கையில் ஏற்றிருக்கும் மடிப்பு விளிம்புகள் அதே வடிவியலைச் சேர்ந்தவை. சீரான விதியைச் சற்றே மீறி, கூட்டும் இடைவெளியை மாற்றினால், கணித மாதிரி உயிரினத்தின் சாயலைப் பெறுகிறது என்பதைச் சகோதரியர் கண்டனர். கடல்நீர் சூடாவதால் வெளிறிச் சாகும் பவளங்களுக்கு வெண்ணிறத் திட்டு ஒன்றையும், கடலில் சேரும் நெகிழிக் கழிவுக்கு நெகிழியாலேயே பின்னிய திட்டு ஒன்றையும் அவர்கள் அமைத்தனர்.

இத்திட்டத்தின் சிறப்பு, அதன் பொருளுக்கும் செய்முறைக்கும் உள்ள உறவு. பவளத்திட்டு என்பது எண்ணற்ற சிற்றுயிர்கள் தத்தம் கூட்டைக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த கூட்டுக் கட்டுமானம். பின்னல் திட்டும் எண்ணற்ற கைகள் சேர்த்தது. உலகின் பல நகரங்களில் உள்ளூர்ப் பெண்கள் தத்தம் திட்டுகளைப் பின்னினர். 2022இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்ட திட்டுக்கு ஏறத்தாழ 4,000 பேர் 40,000க்கும் மேற்பட்ட பவளங்களைப் பின்னி அனுப்பினர். ஒரு கண்ணிக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறுக்க வழியில்லாத செய்முறை, பன்னெடுங்காலம் வளர்ந்து சில கோடைகளில் அழியும் திட்டின் காலத்தைப் பார்வையாளருக்கு உணர்த்துகிறது.

எனினும் விமர்சனம் இங்கே நின்றுவிடலாகாது. முதலாவதாக, திரட்சியே அழகு எனக் கொள்ளும் போக்கு இதில் உண்டு. ஆயிரக்கணக்கான வண்ணப் பவளங்கள் செறிந்த இடத்தில் அழிவைப் பற்றிய துயரம் இனிமைக்குள் கரைந்துவிடும் வாய்ப்பு மிகுதி. வெண்ணிறத் திட்டு சிறிதாயினும், நிறம் நீங்கிய உருவின் வெறுமையால் அத்துயரத்தை வலுவாகக் கொண்டுள்ளது. இரண்டாவதாக, ஆக்கியோர் உரிமை பற்றிய வினா. 2019ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக் காட்சியில் இப்படைப்பு சகோதரியர் இருவர் பெயரிலேயே இடம்பெற்றது. பங்களித்தோரின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவது இத்திட்டத்தின் வழக்கம். அவ்வழக்கம் பல கலைக்கூடங்களின் நடைமுறையைவிட மேலானது. ஆயினும் பட்டியலில் இருப்பதும் படைப்பாளராக இருப்பதும் ஒன்றல்ல. எந்தப் பவளம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவருக்கும், அதைப் பின்னி அனுப்பியவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு திரைப்படத்திலும் கட்டடக் கலையிலும் ஏற்கப்பட்டதே. குரோஷேயில் அது உறுத்துவதற்குக் காரணம், பின்னியவர்களின் பெயரை மறப்பதே இக்கலையின் நீண்ட வழக்கமாக இருந்துவந்துள்ளமை.

6. நரசாபுரம் எழுப்பும் வினா

அவ்வழக்கத்தின் மிகத் தெளிவான ஆவணம் ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலிருந்து கிடைக்கிறது. நரசாபுரம் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் வழியாகப் பரவிய குரோஷே சரிகை வேலை, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. அதை ஆராய்ந்த ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில், உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணிநேரம் பின்னிய பெண்கள் தொழிலாளராகக் கணக்கிடப்படாமல், ஓய்வுநேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அக்கருத்தாக்கமே அவர்களுக்கு மிகக் குறைந்த கூலி தருவதை நியாயப்படுத்தியது. ஒருவர் ஒரு பகுதியைப் பின்ன, மற்றொருவர் இணைக்க, வணிகர் விற்றார். முழுப் பொருளும் யாருடையது என்று பின்னியவர் சொல்ல முடியாதவாறு வேலை பகுக்கப்பட்டிருந்தது. 2024இல் நரசாபுரம் குரோஷே சரிகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும். பின்னும் ஒருத்தியின் பெயரைக் காக்காது.

குரோஷேயைத் தொழிற்சாலை அளவில் இயந்திரத்தால் செய்யும் வழக்கம் இன்றளவும் வேரூன்றவில்லை. சந்தையில் கிடைக்கும் எந்த உண்மையான குரோஷே துண்டின் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. கலைக்காட்சியில் வைக்கப்படும் பேரளவுப் படைப்புகளுக்கும் இது பொருந்தும். 2018இல் சூரிக் தொடருந்து நிலையத்தில் எர்னெஸ்டோ நெட்டோ நிறுவிய, 20 மீட்டர் உயரமுள்ள மரவடிவப் படைப்பு பிரேசிலில் பலர் கைகளால் முடிந்து பின்னப்பட்ட பருத்தித் துணியால் ஆனது. ஒரு படைப்பைக் காணும்போது ‘இதை யார் பின்னினார், எந்த ஏற்பாட்டின் கீழ் பின்னினார்’ என்று கேட்பது அழகியலுக்குப் புறம்பான வினா என்று கூற இயலாது. கண்ணி தோறும் காலம் செலவாகும் ஊடகத்தில், அக்காலம் யாருடையது என்பது படைப்பின் பொருளிலேயே அடங்கும்.

செய்முறையிலிருந்து உருவம் பிறத்தலை அளவுகோலாக்குவது, ஊடகத்தின் தூய்மையைப் போற்றிய நவீனத்துவ விமர்சனத்திற்கே திரும்புவதாகாதா என்னும் மறுப்பு இவ்விடத்தில் எழக்கூடும். ஊடகத் தூய்மைவாதம் பொருளைச் செய்தவரிடமிருந்து பிரித்து நோக்கியது. இங்கே முன்வைக்கப்படும் நோக்கில் செய்முறை என்பது செய்பவரின் காலத்தையும் நிலையையும் உள்ளடக்கியது. ஆதலால் இரண்டும் வேறு.

7. கணக்கு மறையும் இடம்

குரோஷேயும் ஃபெல்ட்டும் ஒரே உடலில் சேரும் செய்முறை ஒன்றுண்டு. கம்பளி நூலால் தளர்வாகப் பின்னிய உருவத்தை வெந்நீரில் அலசி இறுக்கும்போது, கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி மறைகின்றன. இடைவெளிகள் அடைபட்டு, பரப்பு தடித்துத் தானே நிற்கும் வலிமை பெறுகிறது. எண்ணிக்கையால் பெற்ற வளைவுகள் எஞ்சுகின்றன. எண்ணிக்கையின் தடயம் அழிகிறது. அதன் பின் நூலை இழுத்துப் பிரிக்க முடியாது. மீளக்கூடிய செயல் ஒரு கழுவலில் மீளா நிகழ்வாகிறது.

சிற்பிக்கு இது தரும் வாய்ப்பு பெரிது. கண்ணி தெரியும் பரப்பு எப்போதும் ‘பின்னல்’ என்றே தன்னை அறிவிக்கும். பார்வையாளரின் நினைவில் சால்வையையும் மேசை விரிப்பையும் எழுப்பும். இறுக்கிய பரப்பு அந்நினைவைத் தணித்து, விதையையோ தோலையோ பாறையையோ போன்ற உடலாக நிற்கிறது. அதே வேளையில் இழப்பும் உண்டு. உழைப்பின் சான்றான கண்ணிகளை அழித்தே உருவம் தன் தன்னிறைவை அடைகிறது. கைவேலை என்ற அடையாளத்திலிருந்து விடுபட விரும்பும் படைப்பாளர் இறுக்கத்தை நாடுவதும், உழைப்பைக் காட்ட விரும்புபவர் கண்ணியைத் திறந்தே விடுவதும் வெறும் நுட்பத் தேர்வுகள் அல்ல. மோரிசும் வில்டிங்கும் நின்ற இரு முனைகளுக்கிடையே ஒவ்வொரு படைப்பாளரும் எங்கே நிற்கிறார் என்பதை இத்தேர்வு வெளிப்படுத்துகிறது. விமர்சகர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பரப்பையே.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. குரோஷே எண்ணிக்கையால் ஆளப்படும் மீளக்கூடிய செயல். ஃபெல்ட் எண்ணிக்கைக்கு அடங்காத மீளா நிகழ்வு. இவ்வேறுபாட்டைப் பொருளாக்கும் படைப்புகள், பின்னலை வெறும் போர்வையாக்கும் படைப்புகளைவிட ஆழமுடையன. போர்த்துதலும், போர்த்தப்படும் உருவோடு முரணும்போது பொருள் பெறுகிறது. அழியும் பொருளில் செய்யப்படும் சிற்பம் அவ்வழிவை எதிர்கொள்ளும் விதத்தாலும் மதிப்பிடப்பட வேண்டும். பலர் கைகளால் ஆகும் படைப்பில் உழைப்பின் ஏற்பாடு அழகியல் மதிப்பீட்டின் ஒரு கூறாகும்.

‘கைவினை கலையாக உயர்ந்தது’ என்ற வாய்பாடு, கைவினை இயல்பிலேயே தாழ்ந்தது என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே தொடங்குகிறது. தமிழ் மரபில் அவ்வாறு தொடங்க வேண்டிய தேவை இல்லை. நூல் என்னும் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவானது. நன்னூலின் பாயிரப் பகுதி, நூல் செய்யும் புலவனுக்குப் பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணையே உவமையாக்குகிறது. சொல் பஞ்சாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகம் பெறுகின்றன. நூற்பவள் அளவாக நிற்க, புலவன் அவளைக் கொண்டு அறியப்படுகிறான். அவ்வுவமையிலும் அவளுக்குப் பெயர் இல்லை என்பதையும் மறத்தலாகாது. இழைச் சிற்பங்களைப் பற்றிய தமிழ் விமர்சனம் அவ்வுவமை தரும் மதிப்பையும் அது விட்டுவைத்த குறையையும் சேர்த்தே ஏற்றுத் தொடங்குதல் தகும்.